கிரகண நேரத்தில் ஒரு கவளம்: ஐயுறுதலும் கூட்டமும்

1. கேள்வி

2019 டிசம்பர் 26 அன்று காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கிய கங்கண சூரிய கிரகணம் பதினொரு மணி கடந்து விலகியது. சூரியன் முழு வளையமாகத் தெரிந்த பாதை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்கள் வழியாகக் கடலுக்குள் இறங்கி யாழ்ப்பாணத்தையும் தொட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் தமிழ்நாட்டில் இரண்டு விதமான நடத்தைகளைப் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களிலேயே காண முடிந்தது. கோயில்களில் நடை சாத்தியிருந்தார்கள். வீடுகளில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சமைத்து மிஞ்சியதில் தர்ப்பையைப் போட்டு மூடி வைத்தார்கள். கருவுற்ற பெண்களை உள்ளறையில் இருத்தினார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். இன்னொரு புறம், பள்ளி மைதானங்களிலும் மொட்டைமாடிகளிலும் வடிகட்டிக் கண்ணாடியோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற மக்கள் அறிவியல் அமைப்புகளும் திராவிடர் கழகம் போன்ற பகுத்தறிவு அமைப்புகளும் கிரகணம் தோறும் மக்களை வெளியே அழைப்பதும், அந்நேரத்திலேயே சிற்றுண்டி பரிமாறி உண்பதும் நம்மிடையே ஒரு மரபாகவே ஊன்றிவிட்டன.

இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. இப்படிக் கூடிப் பார்ப்பதும் கூடி உண்பதும் மக்களுக்கு ஐயுறவும் ஆராயவும் கற்றுத் தருகின்றனவா? அல்லது ‘வெளியே வராதே’ என்ற பழைய கட்டளையின் இடத்தில் ‘வெளியே வா’ என்ற புதிய கட்டளையை வைப்பதோடு நின்றுவிடுகின்றனவா?

ஐயுறுதல் என்று இங்கே குறிப்பிடுவது நம்ப மறுப்பதை அல்ல. ஒரு கூற்று காதில் விழுந்ததும், ‘இது தவறாக இருந்தால் அது நமக்கு எப்படித் தெரியவரும்?’ என்று கேட்டு, அதற்கான சோதனையைத் தேடுவதே அறிவியல் ஐயம். அந்தப் பழக்கம் தனி ஆளின் மூளைக்குள் வளர்வது மிகக் கடினம். அது வளர்வதற்குக் கூட்டம் வேண்டும். ஆனால் எல்லாக் கூட்டமும் அதற்கு உதவாது. எந்தக் கூட்டம் உதவும் என்பதைப் பிரித்தறிவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

2. அறிவு இருந்தும் அகலாதது

அறியாமைதான் மூடநம்பிக்கைக்குக் காரணம், விளக்கம் சொன்னால் அது விலகிவிடும் என்பது பரவலான புரிதல். பாடநூல்கள் இந்தப் புரிதலின் மேல்தான் எழுதப்படுகின்றன. கிரகணத்தின் வரலாறு இதற்கு நேர் எதிரான சான்றைத் தருகிறது.

பூமியின் நிழலில் நிலவு புகுவதும், நிலவு சூரியனை மறைப்பதுமே கிரகணம் என்று 499ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரும் கிரகணத்துக்குக் காரணம் ராகு அல்ல என்று மறுத்தார். ஆனால் 628இல் பிரம்மகுப்தர், நிழல்களைக் கொண்டு கிரகணத்தைத் துல்லியமாகக் கணிக்கும் முறையை வகுத்துத் தந்த அதே நூலில், ராகுவை மறுப்பவர்களைக் கண்டிக்கவும் செய்தார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து இந்தியா பற்றி எழுதிய அல்பெரூனி இந்த முரணைக் கண்டு திகைத்தார். இவ்வளவு பெரிய அறிஞர் ஏன் இப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, சாக்ரடீசுக்கு நேர்ந்தது போன்ற முடிவுக்கு அஞ்சியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த ஊகம் சரியா என்பது வேறு விவாதம். பிரம்மகுப்தரிடம் குறைந்தது அறிவு அல்ல, அறிந்ததை ஊரறியச் சொல்வதற்கான துணை என்பதை அல்பெரூனி கண்டுகொண்டார். என் பார்வையில் இந்தப் பொருள் குறித்த மிகக் கூர்மையான அவதானம் அதுதான்.

தமிழ்நாட்டுச் சான்று இன்னும் நெருக்கமானது. வெள்ளிக் கோளின் கடப்பைக் காண 1768இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ, சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணிக்கும் தமிழ் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவு தமிழ்க் கணக்கில் 41 வினாடி குறைவாகவும், அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான மேயருடையதில் 68 வினாடி கூடுதலாகவும் இருந்ததை அவர் பதிவு செய்தார். இதே மரபைச் சேர்ந்த ஒரு கணிதர், எழுத்தில் எதையும் பார்க்காமல், மனப்பாட வாக்கியங்களையும் சோழிகளையும் மட்டும் கொண்டு 1825இன் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் தம் ‘கால சங்கலிதம்’ நூலில் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை இருந்தது. கணிதமே வாழ்வாக இருந்த இந்த மனிதர்கள் வாழ்ந்த சமூகத்தில்தான் கிரகணத் தோஷமும் பரிகாரமும் கேள்வியின்றி வாழ்ந்தன. இன்றைய பஞ்சாங்கமும் அப்படித்தான் இருக்கிறது. கிரகணம் பிடிக்கும் நிமிடத்தையும் விடும் நிமிடத்தையும் அச்சிட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே எந்த நட்சத்திரக்காரர் சாந்தி செய்துகொள்ள வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. முதல் வரியைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இரண்டாம் வரியைச் சரிபார்க்க யாரும் எந்த வழியையும் வகுக்கவில்லை. முதல் வரி பெற்ற நம்பகத்தன்மையை இரண்டாம் வரி செலவழித்துக்கொண்டிருக்கிறது.

இதை மாற்ற முயன்ற ஒருவரைக் குறிப்பிடாமல் நகர முடியாது. சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1868 முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1871 டிசம்பர் 12 கிரகணத்தின்போது கொங்கு நாட்டு அவிநாசியில் முகாமிட்ட குழுவிலும் இருந்தார். நேரடி அவதானத்தின் அடிப்படையில் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடித் தாமே ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இன் வெள்ளிக் கடப்பை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறுநூல் பண்டிதருக்கும் வானியல் அறிந்தவருக்கும் இடையிலான உரையாடலாக அமைந்து, பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. உபதேசமாக எழுதாமல் உரையாடலாக எழுதத் தோன்றியதே அவருடைய நுண்ணறிவு. கேள்வி கேட்கும் பாத்திரத்துக்கு அந்நூலில் ஓர் இடம் இருந்தது.

3. குன்னூரில் தொடங்கிய விவாதம்

‘அறிவியல் மனப்பான்மை’ விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் அரசின் சொல்லானது. நேரு 1946இல் வெளிவந்த தம் நூலில் அதை முன்வைத்தார். 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாக அரசமைப்பின் 51அ(ஏ) பிரிவில் அது குடிமக்களின் அடிப்படைக் கடமையாயிற்று. 1980 அக்டோபரில் குன்னூரில் கூடிய அறிஞர்கள் அறிவியல் மனப்பான்மை குறித்துத் தயாரித்த அறிக்கை 1981இல் பம்பாயில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் சமூகச் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி அதற்கு ஓர் எதிர் அறிக்கை எழுதினார். அறிவியலின் பெயரால் ஒரு சிறு கூட்டம் கோடிக்கணக்கானோரின் வாழ்வறிவை மூடத்தனம் என்று தீர்ப்பளிக்கிறது; அந்த அறிவியலே வன்முறைக்கும் அதிகாரத்துக்கும் துணைபோயிருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

நந்தியின் கண்டனத்தில் ஒரு பாதியை ஏற்கிறேன். மேலிருந்து கீழே சொல்லப்படும் பகுத்தறிவு, கேட்பவரை மாணவராகவே வைத்திருக்கிறது. மறுபாதியை ஏற்க இயலவில்லை. கிரகணத்தன்று தாகத்தோடு உள்ளறையில் அடைந்து கிடக்கும் கருவுற்ற பெண்ணுக்கு, அவளை அடைத்து வைக்கும் நம்பிக்கையும் மேலிருந்து வரும் அதிகாரம்தான். வாழ்வறிவு என்று அதற்குப் பெயர் சூட்டிவிட்டு விலகி நிற்பது அவளுக்குச் செய்யும் துரோகம். அந்த அறை வாசலில் நின்று யார் எப்படிப் பேசுவது என்பதை இரு தரப்பினரும் யோசிக்கவில்லை. அதை நடைமுறையில் யோசித்தவர்கள் 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளில் ஊர் ஊராகப் போன ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும்தான்.

4. 1980, 1995

1980 பிப்ரவரி 16 பிற்பகலில் முழுச் சூரிய கிரகணத்தின் பாதை கர்நாடகம், ஆந்திரம், ஒடிசா வழியாகச் சென்றது. அன்று இந்திய நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். கண் கெட்டுவிடும், வெளியே வராதீர்கள் என்ற எச்சரிக்கையே அன்று மேலோங்கி ஒலித்தது. ராகுவுக்கு அஞ்சியவரும் கண்ணுக்கு அஞ்சியவரும் ஒரே கதவை ஒரே நேரத்தில் சாத்தினார்கள். அறிவியலின் குரலில் வந்த அச்சம், பழைய அச்சத்துக்கு ஒரு மறுபதிப்பாகவே வேலை செய்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து 1995 அக்டோபர் 24 அன்று, இராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து வங்கத்தின் டயமண்ட் ஹார்பர் வரை மக்கள் திரண்டு நின்று முழு மறைப்பைக் கண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் 1986இன் ஹாலி வால்நட்சத்திரமும், 1987இல் நாடெங்கும் சென்ற பாரத ஜன விஞ்ஞான ஜாத்தாவும், அறிவொளி இயக்கத்தின் இரவுப் பள்ளிகளும் வந்துபோயிருந்தன. பாதுகாப்பாகப் பார்ப்பதற்கான வடிகட்டிகள் கைக்குக் கை மாறின. ‘பார்க்காதே’ என்பது ‘இப்படிப் பார்’ என்று மாறிய ஆண்டு அது.

இதை வெற்றிக் கதையாக எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதே ஆண்டு, அந்தக் கிரகணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 21 அன்றுதான் பிள்ளையார் பால் குடித்த செய்தி நாடெங்கும் பரவியது. படித்தவர்களும் அலுவலர்களும் பால் செம்போடு வரிசையில் நின்றார்கள். கரண்டி விளிம்பைத் தொட்ட கல்லின் மேல், பரப்பு இழுவிசையால் பால் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது என்பதை அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து காட்டினார்கள். செப்டம்பர்க் கூட்டமும் அக்டோபர்க் கூட்டமும் வேறு வேறு நாட்டின் மக்கள் அல்லர். வெளியே வந்து கூடுவது மட்டுமே ஐயத்தின் அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பாலின் முன் நின்றவர்கள் உண்மையில் ஒரு பரிசோதனையைத்தான் செய்தார்கள். கரண்டியை நீட்டினார்கள், பால் குறைந்ததைக் கண்ணால் கண்டார்கள். அவர்களிடம் இல்லாதது ஒப்பீடு. தும்பிக்கைக்கு நீட்டிய கரண்டியை ஒரு துணி துவைக்கும் கல்லுக்கும் நீட்டிப் பார்க்க அந்த வரிசையில் இடம் இல்லை. அப்படி ஒருவர் கேட்டிருந்தால் பின்னால் நின்றவர்கள் அவரை என்ன செய்திருப்பார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

5. அம்பலப்படுத்தும் மரபும் அதன் எல்லையும்

தமிழ்ச் சூழலில் ஐயுறுதலுக்கு ஒரு வீரமான முகம் உண்டு. கேரளத்தில் பிறந்து, 1920களின் இறுதியில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பிக்க வந்த ஆபிரகாம் கோவூர், பேய் பிசாசு வழக்குகளை நேரில் ஆராய்ந்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்த அறைகூவலைத் தொடர்ந்தவர் கோவைக்கு அருகில் போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். 2009இல் இறக்கும் வரை ஊர் ஊராகச் சென்று, நாக்கில் கற்பூரம் ஏற்றுவதையும் வெறுங்கையில் விபூதி வரவழைப்பதையும் தாமே செய்து காட்டி, செய்த முறையையும் சொல்லிக்கொடுத்தார். அறிவியல் இயக்கத்தின் ‘மந்திரமா? தந்திரமா?’ நிகழ்ச்சிகள் இதே வழியில் வந்தவை.

இந்த மரபின் துணிவுக்குத் தலைவணங்குகிறேன். அது வெறும் மேடைத் துணிவு அல்ல. மகாராஷ்டிரத்தில் இதே பணியை ஓர் அமைப்பாகக் கட்டி வளர்த்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டு 20 அன்று புணேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அல்பெரூனி ஊகித்த விலை இன்னும் வசூலிக்கப்படுகிறது.

ஆனாலும் அம்பலப்படுத்தலுக்கு ஓர் எல்லை உண்டு. பார்வையாளர் ஒரு திறமையான மனிதரை நம்பிக்கொண்டிருந்தார். இப்போது அவரைவிடத் திறமையான இன்னொரு மனிதரை நம்புகிறார். கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறவரிடம் புதிதாக ஒரு முடிவு இருக்கிறது. முடிவுக்கு வரும் வழி இல்லை. பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் கலந்தால் தீப்பிடிக்கும் என்று தெரிந்துகொண்டவர், அடுத்த மாதம் வேறொரு சாமியார் வேறொரு வித்தையோடு வரும்போது மறுபடி தொடக்கத்தில்தான் நிற்பார். பிரேமானந்தின் பணியில் நீடித்த பகுதி என்று நான் கருதுவது, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர் நடத்திய பயிற்சிகள். வித்தையைச் செய்து தோற்று, மறுபடி செய்து பழகிய ஒரு பதின்வயதுச் சிறுமிக்கு, மேடையில் எங்கே பார்க்க வேண்டும் என்பது கைப்பழக்கமாகவே தெரிந்துவிடுகிறது.

6. முதலில் உண்பவர்

கூட்டம் நம் அறிவை என்ன செய்கிறது என்பது குறித்து உளவியலில் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு வகைச் சான்றுகள் இருக்கின்றன.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த பரிசோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கு மற்றவர்கள் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடை சொல்வார்கள். உண்மையில் சோதிக்கப்படுபவர் ஒருவர்தான். அத்தகைய சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தைப் பின்பற்றித் தவறாயின. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னதும் அந்தப் பணிவு பல மடங்கு குறைந்தது. இன்னொரு வகைச் சான்று: 1998இல் மோஷ்மனும் கெய்லும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்குத் தருக்கச் சீட்டுப் புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். தனியாகச் செய்தவர்களில் 9 விழுக்காட்டினரே சரியாக விடுவித்தார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து விவாதித்த குழுக்களிலோ 75 விழுக்காடு சரியான விடையை எட்டின. மெர்சியேயும் ஸ்பெர்பரும் இத்தகைய முடிவுகளைத் தொகுத்து, மனிதரின் தருக்கத் திறன் தனித்துச் சிந்திப்பதற்காக உருவானதல்ல, வாதிடவும் பிறர் வாதத்தை எடைபோடவும் உருவானது என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். இந்தப் பரிசோதனைகள் அமெரிக்கக் கல்லூரிகளில், சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டவை. நம் ஊர்த் திண்ணைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. எனினும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. விடையை மட்டும் கேட்கும் கூட்டம் மனிதரை வளைக்கிறது. காரணத்தைக் கேட்கும் கூட்டம் மனிதரைத் திருத்துகிறது.

கிரகண நேரத்தில் கூடி உண்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது ஒரு நிரூபணம் அல்ல. இருபது பேர் இட்லி சாப்பிட்டு நலமாக இருப்பது, கிரகண உணவு தீங்கற்றது என்பதற்கு வலுவற்ற சான்றுதான். தீங்கு மெல்ல வரும், உங்களுக்கு வராது பிள்ளைக்கு வரும் என்று மறுப்பவர் எளிதில் சொல்லிவிடலாம். அந்த உணவின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மனதுக்குள் ஏற்கெனவே ஐயம் கொண்டு, மாமியாருக்கும் அண்டை வீட்டாருக்கும் அஞ்சி வாய் திறக்காமல் இருக்கும் ஒருவருக்கு, தெருவில் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைப்பவர் ஆஷின் பரிசோதனையில் சரியான விடை சொன்ன அந்த ஒற்றைத் துணை. பிரம்மகுப்தருக்குக் கிடைக்காத துணை. சடங்குக்கு எதிராகச் சடங்கு செய்கிறார்கள் என்று இந்நிகழ்ச்சிகளைக் குறைகூறுபவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அதே வேளையில், உண்பதோடு நிகழ்ச்சி முடிந்துவிட்டால் அவர்களுடைய குறை சரிதான்.

7. உலக்கை

உண்பதைத் தாண்டிப் போக ஒரு வழியை உலக்கையே தருகிறது. கிரகணம் பிடித்திருக்கும்போது தாம்பாளத்தில் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது பழைய நம்பிக்கை. இப்போது அதற்கு அறிவியல் சாயம் பூசிய புதிய விளக்கமும் செல்பேசிகளில் உலவுகிறது: சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் வருவதால் ஈர்ப்பு விசை கூடி உலக்கையை நிறுத்துகிறதாம்.

‘எந்த நாளும் நிற்கும், போங்கள்’ என்று ஒரு பகுத்தறிவாளர் சொல்வது உண்மை. ஆனால் அவர் அதைச் செய்து பார்க்காமல் சொன்னால், அவருக்கும் நிறுத்தியவருக்கும் முறையில் வேறுபாடு இல்லை. நிறுத்தியவராவது உலக்கையைத் தொட்டிருக்கிறார்.

ஒரு தெருவே சேர்ந்து இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தெருவில் மிஞ்சியிருக்கும் உலக்கைகளைத் திரட்ட வேண்டும். பூண் தட்டையாக உள்ளது எது, தேய்ந்து உருண்டது எது என்று பிரிக்க வேண்டும். கிரகணத்துக்கு முந்தின வாரம் அதே நேரத்தில், கிரகணத்தன்று, அடுத்த வாரம் என மூன்று முறை அதே ஆட்கள் நிறுத்திப் பார்க்க வேண்டும். எத்தனை முயற்சியில் நின்றது என்பதைச் சுவரில் சாக்பீசால் எழுத வேண்டும். நின்ற உலக்கையைக் கிரகணம் விட்ட பிறகும் தொடாமல் விட்டு, எப்போது விழுகிறது, விழுகிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருக்க வேண்டும். ஈர்ப்புக் கதையைச் சொல்பவரிடம், ஒவ்வோர் அமாவாசையிலும் சூரியனும் நிலவும் ஏறத்தாழ ஒரே திசையில்தானே இருக்கின்றன, அன்றெல்லாம் ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்கலாம். கடலில் ஓதத்தை எழுப்பும் நிலவின் விசை, பூமியின் ஈர்ப்பில் கோடியில் ஒரு பங்கு அளவே என்பதையும் பக்கத்தில் எழுதலாம். ஆனால் அந்த எண்ணைவிட, முந்தின வாரமே நின்ற உலக்கை ஆழமாக வேலை செய்யும். ஒப்பீடு என்றால் என்ன என்பதை அந்தத் தெரு இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஊசித்துளையும் இதே தன்மை உடையது. வேப்பமரத்து இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளை. கிரகணத்தன்று மரத்தடி முழுக்கப் பிறைகள் விழும். சல்லடையை வெயிலில் பிடித்தாலும் விழும். துளைக்கும் திரைக்கும் இடையே 10 மீட்டர் இருந்தால் சூரியப் பிம்பம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலம் வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டால், அதன் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் என்பதை ஓர் எட்டாம் வகுப்பு மாணவர் அளவுகோலும் வகுத்தலும் கொண்டு தாமே கண்டுவிடுவார். இலவசமாகக் கொடுக்கும் வடிகட்டிக் கண்ணாடியைவிட, வீட்டுச் சல்லடைக்கு நான் கூடுதல் மதிப்பு தருவதற்குக் காரணம் இதுவே. கண்ணாடியை யாரோ பாதுகாப்பானது என்று சான்றளித்திருக்கிறார்கள். அந்தச் சான்றை நம்பித்தான் அதை அணிகிறோம். சல்லடையின் பிறையைச் சரிபார்க்க யார் சான்றும் வேண்டாம்.

கண்ணைப் பற்றிய எச்சரிக்கையையும் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். கிரகணத்தால் ஒன்றும் ஆகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பேச்சாளர் ஆபத்தானவர். கிரகணச் சூரியனிலிருந்து தனிப்பட்ட நச்சுக் கதிர் எதுவும் வருவதில்லை. ஆனால் ஒளி குறைந்திருப்பதால் கூச்சம் குறைந்து நாம் நெடுநேரம் உற்றுப் பார்க்கிறோம். விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லாததால் அது சுடுவதே தெரியாது. வளையமாகத் தெரியும் நிமிடங்களிலும் வெறுங்கண் கூடாது. பழைய தடையில் இருந்த இந்த உண்மைத் துணுக்கை மறைத்துவிட்டுப் பேசினால், ஒரு பிள்ளையின் கண் பாதிக்கப்பட்டதும் மீதி அத்தனை வாதமும் சரிந்துவிடும்.

8. கருவுற்ற பெண்ணின் கணக்கு

கிரகண நம்பிக்கைகளில் கனமானது இதுதான். கருவுற்றவர் வெளியே வந்தால், அல்லது அரிவாள்மணையில் கை வைத்தால், பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்கிறார்கள். உண்ணாமலும் தண்ணீர் குடிக்காமலும் பல மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள்.

துணிந்து வெளியே வந்து காட்டுங்கள் என்று ஒரு கருவுற்ற பெண்ணிடம் கேட்க எந்த அமைப்புக்கும் உரிமை இல்லை என்று கருதுகிறேன். இதற்குக் காரணம் எண்களில் இருக்கிறது. கிரகணத்தோடு எந்தத் தொடர்பும் இன்றி, உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ காணப்படுகிறது. எல்லாவகைப் பிறவிக் குறைகளையும் சேர்த்தால் நூறில் இரண்டு மூன்று. ஆக, நூறு கருவுற்ற பெண்கள் கிரகணத்தைப் பார்த்தால், பார்க்காமல் இருந்திருந்தாலும் நேர்ந்திருக்கக்கூடிய குறை இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு நேரும். அந்த இரண்டு மூன்று தாய்மார்களின் மேல் வாழ்நாள் முழுவதும் பழி விழும். அழைத்த பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். ஐயத்தின் விலை எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. மேடையில் இட்லி தின்னும் ஆணுக்கு அது ஏறத்தாழ இலவசம்.

செய்யக்கூடியது, இந்தக் கணக்கைக் கிரகணம் வருவதற்கு முன்பே குடும்பத்தோடு சேர்ந்து போடுவது. நான்கு கட்டம் வரைய வேண்டும்: கிரகணத்தில் வெளியே வந்தவர், வராதவர், பிள்ளைக்குக் குறை இருந்தது, இல்லை. ஊர் நினைவில் நிற்பது ஒரே ஒரு கட்டம்தான், வெளியே வந்து குறையும் நேர்ந்தது. மற்ற மூன்று கட்டங்களை நிரப்ப ஊரில் பாட்டிமார்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்கு எல்லாப் பிறப்பும் நினைவிருக்கும். உள்ளேயே இருந்தும் உதடு பிளந்து பிறந்த பிள்ளையின் கதை அப்போதுதான் வெளியே வரும். உலகில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கிரகணங்கள் நிகழ்கின்றன. ஒன்பது மாதத்துக்குள் நம் வானில் தெரியும் ஒரு கிரகணத்தையாவது கடந்து வரும் கர்ப்பங்கள் ஏராளம் என்பதால், பின்னோக்கித் தேடினால் காரணம் எப்போதும் அகப்படும் என்பதும் அந்த உரையாடலில் புரியவரும். ஃபோலிக் அமிலக் குறைவும் நெருங்கிய உறவுத் திருமணமும் சிலவகைப் பிறவிக் குறைகளுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதைப் பேச அதைவிட நல்ல தருணம் அமையாது. கிரகணத்தின் மேல் பழி போடும் வரை இந்த இரண்டும் பேச்சுக்கே வருவதில்லை.

இந்த உரையாடலுக்குத் தலைமை தாங்கத் தகுதியானவர் வெளியூர்ப் பேச்சாளர் அல்லர். அந்த ஊரின் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், குழந்தை பெற்ற ஓர் ஆசிரியை. அவர்களிடம் மறுகேள்வி கேட்கலாம், அடுத்த மாதமும் வந்து கேட்கலாம். ஓர் அமைப்பு ஐயுறுதலை வளர்க்கிறதா என்று மதிப்பிட எத்தனை பேரைத் திரட்டினார்கள் என்ற எண்ணிக்கை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அந்த அமைப்பு சொன்ன ஏதாவது ஒன்றை அதன் சொந்த உறுப்பினர் சோதித்துத் தவறு என்று காட்டியிருக்கிறாரா, காட்டிய பிறகும் அவர் உறுப்பினராக நீடிக்கிறாரா என்று கேட்க வேண்டும். குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரம், ஊர்ப்பேச்சு பரவும் வேகத்துக்குக் கிரகணச் செய்தியைத்தான் உவமையாகக் கொண்டது. அந்த வேகம் பகுத்தறிவு அமைப்புகளுக்குள் உலவும் செய்திகளுக்கும் உண்டு. தங்களுக்கு உகந்த செய்தி என்பதாலேயே சரிபார்க்காமல் அனுப்பப்படுபவை அவற்றிலும் இருக்கின்றன.

9. 2031

2031 மே 21 அன்று அடுத்த கங்கண சூரிய கிரகணம் தென்னிந்தியாவுக்கு வருகிறது. அதன் பாதை கேரளத்தில் நுழைந்து மதுரை வட்டாரத்தைக் கடந்து இலங்கையின் வடபகுதிக்குச் செல்லும். அன்று கருவுற்றிருக்கப்போகும் பெண்களில் கணிசமானோர் இப்போது பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை உள்ளே இருக்கச் சொல்லப்போகும் மாமியார்களுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது.

2019இல் மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள், அடுத்த சந்திர கிரகணத்தன்று அந்த வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்பதை முறையாகப் பின்தொடர்ந்து எழுதிய ஊர்வாரிப் பதிவுகள் நமக்கு வேண்டும். இம்முறை அதை முன்கூட்டியே தொடங்கலாம். பாதையில் விழும் ஊர்களில் சிலவற்றையும், அதே அளவுள்ள, முகாம் நடத்தப்போகாத வேறு சில ஊர்களையும் தேர்ந்துகொண்டு, கிரகணத்துக்கு ஓராண்டு முன்பும் ஓராண்டு பின்பும் வீடு வீடாக ஒரே கேள்விகளைக் கேட்கலாம். கிரகணத்தன்று யார் சமைத்தார்கள், யார் உண்டார்கள், யார் யாரைத் தடுத்தார்கள், தடுக்கப்பட்டவர் என்ன பதில் சொன்னார். கேள்வித்தாளை அந்த ஊர்ப் பெண்கள் சேர்ந்து எழுத வேண்டும். கூடிப் பார்த்ததும் கூடி உண்டதும் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை என்று அந்தப் பதிவுகள் காட்டினால், நிகழ்ச்சி நடத்தியவர்களே அதை அச்சிட்டு அதே மைதானங்களில் படித்துக் காட்ட வேண்டும்.